மாமி ஏன் பேய்க்கணவாய் சாப்பிடுவதில்லை

நாள் 1: புதன், லிஸ்பன்

காலை ஐந்தே முக்காலுக்கே விமான நிலையத்தில் நின்றோம். ரெசிஃபெயிலிருந்து தம்பி வருகிறான். தம்பி என்றாலும் தூரத்துச் சொந்தம். என் மாமியாரின் தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தாராம். நூறு வருடத்துக்கு முன்னால் பிரேசிலுக்குக் கப்பலேறியவர். அவருடைய கொள்ளுப்பேரன் இவன். பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவன், என் கணவரைக் கட்டிப்பிடித்து முதலில் சொன்ன வார்த்தை: "பேப்பர் எல்லாம் கொண்டுவந்திருக்கிறேன்."

பயணத்தைக் கிளப்பியதே அந்தப் பேப்பர்தான். போன வருடம் எச்சில் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறான். ஏதோ ஒரு சதவீதம் யூதர் என்று பதில் வந்திருக்கிறது. அதோடு விடாமல், பழைய ஆவணம் படிக்கத் தெரிந்த ஒருவருக்குக் காசு கொடுத்து, லிஸ்பனின் டோரே டு டோம்போ ஆவணக் காப்பகத்தில் தேடச் சொன்னான். கத்தோலிக்க மதத்திலிருந்து வழுவியவர்களைப் பிடித்துத் தண்டித்த சமய விசாரணை மன்றத்தின் (இன்குவிசிஷன்) வழக்குக் கட்டுகள் சுமார் 40 ஆயிரம் அங்கே இருக்கின்றன, பல இணையத்திலேயே கிடைக்கும். அதில் ஒன்றில் மாமியின் பிறந்த ஊரும், மாமியின் பிறந்த வீட்டுப் பெயரும், ஒரு பெண்ணும். 1700களில் நடந்த வழக்கு. ரகசியமாக யூத மதத்தைக் கடைப்பிடித்தாள் என்று குற்றச்சாட்டு.

இதை அவன் காணொளி அழைப்பில் சொன்னபோது மாமி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "அப்படியா" என்றார். நறுக்கி முடித்தார்.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் தூத்துக்குடிக்காரி, பரதவர் வீடு. லிஸ்பனுக்கு வாழ்க்கைப்பட்டு ஒன்பது வருடம் ஆகிறது. எங்கள் ஊர் வழக்கப்படி மாமியாரை 'மாமி' என்றுதான் கூப்பிடுகிறேன், அவரும் பழகிக்கொண்டார். என் குடும்பப் பெயர் ஃபெர்னாண்டோ. இங்கே ஃபெர்னாண்டோ என்பது ஆம்பளைப் பெயர். அரசு அலுவலகம் எதற்குப் போனாலும் "இது உங்கள் அப்பா பெயரா, கணவர் பெயரா?" என்று கேட்பார்கள். ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் உங்கள் ஆட்கள் கொடுத்துவிட்டுப் போன பெயர் ஐயா என்று சொல்லத் தோன்றும். சொன்னதில்லை.

மதியம் ரோசியோ சதுக்கத்துக்குப் போனோம். நவம்பர் ஆரம்பம், செஸ்ட்நட் சுடுகிற வண்டிகள் வந்துவிட்டன. உப்புப் போட்டுச் சுட்ட செஸ்ட்நட் எனக்கு எப்போதும் சுட்ட பலாக்கொட்டையைத்தான் ஞாபகப்படுத்தும். ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு சாவ் டொமிங்கோஸ் கோயிலுக்கு நடந்தோம்.

யூதப் படுகொலை இந்தக் கோயிலில்தான் 1506 ஏப்ரல் 19 அன்று ஆரம்பித்தது. ஊரில் கொள்ளைநோய், மழை வேறு இல்லை. சிலுவையில் ஒளி தெரிகிறது, அற்புதம் என்று கூட்டம் மண்டியிட்டபோது, புதிதாக ஞானஸ்நானம் பெற்ற யூதர் ஒருவர், அது மெழுகுவர்த்தியின் வெளிச்சமாக இருக்கும் என்று சொல்லிவிட்டார். அவரை அங்கேயே அடித்துக் கொன்றார்கள். அப்புறம் மூன்று நாள் வெறியாட்டம். இரண்டாயிரம் பேர், அதற்கும் மேல் என்று கணக்கு. அதற்கு ஒன்பது வருடம் முன்னால், 1497ல், மன்னர் மானுவேல் நாட்டிலிருந்த யூதர்களையெல்லாம் கட்டாயமாக ஞானஸ்நானம் செய்துவைத்தார். ஸ்பெயின் இளவரசியைக் கட்ட வேண்டும், யூதர்களை வெளியேற்றினால்தான் பெண் என்று அவர்கள் நிபந்தனை. வெளியேற்றினால் ஆளும் பணமும் போய்விடும். ஆகவே போகவும் விடாமல், யூதராக இருக்கவும் விடாமல் பெயரை மட்டும் மாற்றினார். ஆயிரக்கணக்கானோரை அடைத்து வைத்த அரண்மனை இதே சதுக்கத்தில் இருந்தது. பிறகு அதே கட்டடம் விசாரணை மன்றத்துக்கு இருப்பிடமானது. இன்று அந்த இடத்தில் தேசிய நாடக அரங்கம் இருக்கிறது.

கோயிலுக்கு வெளியே 2008ல் வைத்த நினைவுக்கல், அதில் தாவீதின் நட்சத்திரம். தம்பி அதன் முன்னால் பத்துப் படம் எடுத்தான். கோயில் உள்ளே 1959ல் தீப்பிடித்து எரிந்தது, தூண்கள் வெடித்துச் சிவந்து கிடக்கின்றன. பூசி மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். எனக்கு லிஸ்பனில் பிடித்த கோயில் இதுதான்.

நுழையும்போது மாமி வாசலில் ஒரு நொடி நின்றார். உதடுகள் அசைந்தன. அப்புறம் உள்ளே வந்தார். இதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். எங்கள் கல்யாணத்தன்று பனிமய மாதா கோயில் வாசலிலும் இப்படித்தான் நின்றார். எவ்வளவு பக்தி என்று என் அம்மா அன்றைக்கு வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

நாள் 2: வியாழன், காஸ்டெலோ டெ விடெ

லிஸ்பனிலிருந்து இரண்டரை மணி நேரம், ஸ்பெயின் எல்லைக்குப் பக்கம். கார்க் மரக் காடுகள். பட்டை உரித்த அடிமரங்கள் காவி பூசினது போலச் சிவப்பாக இருந்தன. வழியெல்லாம் தம்பி பேசிக்கொண்டே வந்தான். 2015 முதல், விரட்டப்பட்ட யூதர்களின் வம்சாவளிக்குப் போர்ச்சுகல் குடியுரிமை கொடுத்தது, 2022ல் விதிகளை இறுக்கிவிட்டார்கள், ஒரு வருடம் முன்னால் தெரிந்திருந்தால் இத்யாதி. மாமியின் பிறந்த வீட்டுப் பெயர் ஒரு மரத்தின் பெயர். மரப் பெயர் வைத்திருந்தாலே யூதர்தான் என்பது அவன் கட்சி. என் கணவருக்கு எரிச்சல். "நாட்டில் பாதிப் பேர் பேரிக்காய் மரமும் ஒலிவ மரமும்தான். எல்லோரும் யூதரா?" அவர் சொன்னதுதான் சரி. அந்தப் பெயர்கள் எல்லாத் தரப்பிலும் இருந்தன. பெயர் ஒரு சாட்சியே இல்லை, என்னையே எடுத்துக்கொள்ளுங்களேன்.

ஊர் வெள்ளையடித்த வீடுகளும் கல் பாவிய செங்குத்துச் சந்துகளுமாக இருக்கிறது. யூதர் தெரு சரிவாக இறங்கி ஒரு நீரூற்றில் முடிகிறது. பழைய தொழுகைக்கூடம் இப்போது சின்ன அருங்காட்சியகம். தெருவில் சில வீடுகளின் வாசல் நிலைக்கல்லில், வலப்பக்கம், விரல் நீளத்துக்கு ஒரு பள்ளம். மெசுசா என்கிற வேத வசனச் சுருளைப் பதித்த இடம் என்கிறார்கள். மாமி அதில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார்.

கார்சியா ட ஓர்ட்டா பிறந்த ஊர் இது. இந்தப் பயணத்தில் நான் எனக்கென்று ஆசைப்பட்டது இந்த ஒரு ஆளைத்தான். ஸ்பெயினிலிருந்து தப்பிவந்த யூதக் குடும்பம், இங்கே ஞானஸ்நானம். மருத்துவம் படித்து 1534ல் கோவாவுக்குக் கப்பலேறினார். நம் நாட்டு மூலிகைகளையும் மருந்துகளையும் பற்றி அவர் எழுதியது 1563ல் கோவாவில் அச்சானது. அதில் புளியைப் பற்றி ஒரு அத்தியாயம் உண்டு. மலபாரில் இதைப் 'புளி' என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். போர்த்துகீஸ் அச்செழுத்தில் அந்தச் சொல்லை முதன்முதலில் பார்த்த அன்று, அந்நிய ஊர் பஸ் ஸ்டாண்டில் நம் ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

அந்த மனிதருக்கு நடந்ததைச் சொல்லாமல் விடக் கூடாது. 1560ல் விசாரணை மன்றம் கோவாவுக்கே வந்துவிட்டது. அவர் 1568ல் இறந்தார், நல்ல மரியாதையோடுதான். அடுத்த வருடம் அவருடைய சகோதரியைப் பிடித்து எரித்தார்கள். 1580ல் அவருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்து, அதையும் எரித்தார்கள். கோவாவுக்கு இந்த மன்றம் வேண்டும் என்று 1546லேயே மன்னருக்குக் கடிதம் எழுதியவர் யார் தெரியுமா? நம் சவேரியார். 1542ல் எங்கள் கடற்கரைக்கு வந்து, எங்கள் பாட்டன்மாருக்குத் தமிழில் மந்திரம் சொல்லிக்கொடுத்த அதே சவேரியார். எங்கள் வீட்டு நடுச்சுவரில் அவர் படம் தொங்குகிறது. இதைப் படித்த பிறகும் நான் அதைக் கழற்றச் சொல்லவில்லை. அம்மா விடமாட்டாள், எனக்கும் மனம் வராது.

இரவு விடுதி அறையில் குளிர். ஹீட்டர் பக்கம் எல்லோரும் நெருங்கி உட்கார்ந்திருந்தபோது தம்பி போனில் ஒரு பட்டியலை எடுத்தான். 1536ல் போர்ச்சுகலில் விசாரணை மன்றம் தொடங்கியபோது வெளியிட்ட அறிவிப்பு. பக்கத்து வீட்டில் இவையெல்லாம் நடந்தால் வந்து சொல்ல வேண்டும் என்று கோயில்களில் வாசிக்கப்பட்டது. அவன் சத்தமாக வாசிக்க, நாங்கள் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தோம்.

சனிக்கிழமை சலவைச் சட்டை போடுகிறவர்கள். "என் அப்பா" என்றார் மாமி. "ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் பழைய சட்டைதான்."

ஆட்டையோ கோழியையோ அறுக்கும் முன் கத்தியை நகத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள், இரத்தத்தின் மேல் மண் போடுகிறவர்கள். "எல்லோரும் அப்படித்தானே?" என்றார். என் கணவர் இல்லை என்று தலையாட்டினார்.

பன்றிக் கொழுப்பு, முயல், விலாங்கு, திருக்கை, ஆக்டோபஸ், செதிலில்லாத மீன் சாப்பிடாதவர்கள். இங்கே நாங்கள் சிரித்துவிட்டோம். மாமிக்கு ஆக்டோபஸ் 'வயிற்றுக்கு ஆகாது'. எங்கள் ஊர்ப் பக்கம் அதைப் பேய்க்கணவாய் என்போம். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ராத்திரி நாட்டின் வடக்கில் பல வீடுகளில் அதை வேகவைப்பார்கள். மாமி மட்டும் முட்டையும் கீரையும் சாப்பிடுவார். விலாங்கும் ஆகாது. முயல் 'பாவமாக இருக்கிறது'.

வீட்டில் சாவு விழுந்தால் குடங்களிலுள்ள தண்ணீரைக் கொட்டுகிறவர்கள். மாமி சிரிப்பை நிறுத்தினார். அவருடைய அப்பா இறந்தபோது வீட்டிலிருந்த தண்ணீரையெல்லாம், அடுப்பில் கொதித்ததைக்கூட, கொட்டிவிட்டார்களாம். அவருக்கு அப்போது பதினேழு வயது.

வெள்ளிக்கிழமை மாலை விளக்கைத் துடைத்துப் புதுத் திரி போட்டு ஏற்றுகிறவர்கள். இதற்கு நான் குறுக்கே புகுந்தேன். எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்து, புதுத் திரி போட்டு ஏற்றுவாள். 1536ல் லிஸ்பனில் இருந்திருந்தால் ஆச்சியை முதல் வாரமே தூக்கியிருப்பார்கள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், மாமியைத் தவிர.

"அம்மா விளக்கைப் பானைக்குள் வைப்பாள்" என்றார். "பானையை அலமாரிக்குள் வைப்பாள். அலமாரியைச் சாத்திவிடுவாள். பள்ளிக்கூடத்தில் சொல்லாதே என்பாள். எல்லா வீட்டிலும் ஏதோ ஒன்று இருக்கும், அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன்."

அதற்கப்புறம் தம்பி வாசிக்கவில்லை.

நாள் 3: வெள்ளி, பெல்மோண்டே

வடக்கே மலையேறி வந்தாயிற்று. எதிரே செரா ட எஸ்ட்ரெலா மலைத்தொடர். வீடு, மதில், தெரு எல்லாம் ஒரே சாம்பல் நிறக் கருங்கல். 1500ல் பிரேசிலைத் தொட்ட பெத்ரோ கப்ராலின் சொந்த ஊர் இது என்பதால் தம்பிக்கு இங்கே இரட்டைக் குஷி. அதே பயணத்தில் அந்த ஆள் நேராகக் கோழிக்கோட்டுக்கு வந்து பீரங்கி சுட்டுவிட்டுப் போனதை ஞாபகப்படுத்தினேன். சிலை முன்னால் அவன் எடுத்த படத்தில் நான் முறைத்துக்கொண்டு நிற்கிறேன்.

பெல்மோண்டே ஏன் பெயர் பெற்றது என்றால், இங்கே மறைந்திருந்தவர்கள் கடைசிவரை கரையவே இல்லை. 1917ல் சாமுவேல் ஷ்வார்ட்ஸ் என்ற போலந்து யூதர், சுரங்கப் பொறியாளர், வேலையாக இங்கே வந்தார். ஒரு வியாபாரி, போட்டிக் கடைக்காரனிடம் சரக்கு வாங்காதே, அவன் யூதன் என்று எச்சரித்தானாம். போர்ச்சுகலில் மறைந்து வாழ்ந்த பழைய யூதர்கள் யாரும் மிச்சமில்லை என்று வெளியுலகம் நம்பிக்கொண்டிருந்த காலம். ஷ்வார்ட்ஸ் அந்தக் கடைக்காரனைத் தேடிப்போய் நானும் யூதன் என்கிறார். இவர்கள் நம்பவில்லை. எங்கள் ஜெபங்கள் உனக்குத் தெரியவில்லையே, நீ என்ன யூதன்? இவர்களுடைய ஜெபங்கள் முழுக்கப் போர்த்துகீஸ். எபிரேயம் என்று ஒரு மொழி இருப்பதே மறந்துபோயிருந்தது. கடைசியில் ஒரு கிழவி, உனக்குத் தெரிந்த ஜெபத்தையாவது சொல் என்றாள். அவர் "ஷெமா இஸ்ராயேல்" என்று தொடங்கினார். அதில் 'அதோனாய்' (ஆண்டவர்) என்ற சொல் வந்ததும் பெண்கள் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். மிச்சமிருந்த ஒரே எபிரேயச் சொல் அது. இவன் யூதன்தான், அதோனாயின் பெயர் தெரிந்திருக்கிறது என்று கிழவி தீர்ப்புச் சொன்னாள்.

ஜெபங்களைக் காத்து வைத்தது முழுக்கப் பெண்கள். தொழுகைக்கூடம் இல்லை, புத்தகம் இல்லை, குரு இல்லை. அம்மா மகளுக்கு, வாய்மொழியாக. பாவப் பரிகார நாளுக்கு 'தூய நாள்' என்று பெயர், பட்டினி கிடப்பார்கள். பாஸ்காவுக்குப் புளிப்பில்லா அப்பத்தை, ஊர் கவனிக்கிற நாள் கழிந்த பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு சுடுவார்கள். விசாரணை மன்றத்தை 1821லேயே மூடியாயிற்று. ஆனாலும் கதவு சாத்தியே இருந்தது. 1989ல்தான் சமூகமாகப் பதிவு செய்துகொண்டார்கள். 1996ல் பேத் எலியாகு தொழுகைக்கூடம் எழுந்தது, யூதர்களை வெளியேற்றச் சொன்ன 1496ம் வருட அரசாணை வந்து சரியாக ஐந்நூறு வருடம் கழித்து. 2005ல் அருங்காட்சியகம்.

வெளியிலிருந்து ரப்பிகள், அதாவது யூத குருமார், வந்து முறைப்படி எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். எபிரேயம் வந்தது. ஆண்கள் முன்வரிசைக்கு வந்தார்கள். அடுக்களையில் ஐந்நூறு வருடம் ஜெபத்தைக் காப்பாற்றிய கிழவிகள் பெண்கள் பகுதியில் உட்கார்ந்து, தெரியாத மொழியைக் கேட்க வேண்டியதாயிற்று. தங்கள் பழைய முறையை விடாத வீடுகளும் உண்டு. முறைப்படி எது சரி என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் எனக்கு அந்தக் கிழவிகள் பக்கம்தான் மனம் சாய்கிறது.

மதியச் சாப்பாடு நீண்டுபோய், தொழுகைக்கூடத்துக்கு நேரம் தப்பிவிட்டது. எங்கள் தவறுதான். வெள்ளிக்கிழமை மாலை அவர்கள் ஓய்வுநாளுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஐந்தே காலுக்கே மலைக்குப் பின்னால் சூரியன் போய்விட்டது. சந்தில் இரண்டு மூன்று ஆண்கள் கறுப்புக் கோட்டில் வேகமாக நடந்துபோனார்கள். தம்பி கேமராவைத் தூக்கினான். மாமி அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

அருங்காட்சியகத்தில் ஒரு விளக்கைக் கண்ணாடிக்குள் வைத்திருந்ததைப் பற்றி மாமியிடம் கேட்டேன். "எங்கள் விளக்கு தகரம்" என்றார். "ஒலிவ எண்ணெய். திரி நூலில் கூடாது, நார்த்துணியில்தான். அம்மா திரிக்கும்போது எதையோ முணுமுணுப்பாள். கேட்டால், எண்ணிக்கொண்டிருக்கிறேன், பேசாதே என்பாள்."

நாள் 4: சனி, மாமியின் ஊர்

ஊர் பெயரை எழுத வேண்டாம் என்று மாமி சொல்லிவிட்டார். பெல்மோண்டேயிலிருந்து காரில் இருபது நிமிடம். முப்பது வீடு இருக்கும், பத்தில்தான் ஆள். மாமியின் சித்தி அங்கே தனியாக இருக்கிறார். வயது 91. கறுப்புப் பாவாடை, கறுப்புச் சால்வை, காலில் பேரன் பிரான்ஸிலிருந்து அனுப்பிய நீலக் கலர் ஸ்போர்ட்ஸ் ஷூ. என்னைக் கண்டதும் கையைப் பிடித்து, வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தங்கமா என்று கேட்டார். ஆமாம் என்றதும் திருப்தியாகத் தலையாட்டினார். எங்கள் ஊர்க் கிழவிகள் தோற்றார்கள்.

வெந்த உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், வறுத்த அல்யேய்ரா. அல்யேய்ரா என்பது ரொட்டியும் கோழிக்கறியும் பூண்டும் சேர்த்து அடைத்த குடல் பண்டம். பன்றி தின்கிறவர்கள் போலக் காட்டிக்கொள்ள யூதர்கள் கண்டுபிடித்து, ஊர் பார்க்கப் புகைமூட்டத்தில் தொங்கவிட்டது என்று எல்லோரும் கதை சொல்வார்கள். அதற்கு ஆதாரம் பலமாக இல்லை. இப்போது கடையில் விற்பதில் பல சமயம் பன்றியும் இருக்கும். சித்தி தானே செய்கிறார். தம்பி அதைக் கையில் தூக்கிப் பிடித்து அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தபோது, "சாப்பாட்டை வைத்து விளையாடாதே" என்றார் கிழவி.

சாப்பாடு முடிந்தது. தம்பி மேஜையில் பேப்பர்களைப் பரப்பினான். வழக்குக் கட்டின் நகல், வம்ச மரம், சதவீதம். குரல் நடுங்க, "தியா, நாம் யூதர்கள் என்று கண்டுபிடித்திருக்கிறேன்" என்றான்.

கிழவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பரைப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார், படிக்கத் தெரியாது. கீழே வைத்தார்.

"தொலைந்திருந்தால்தானே கண்டுபிடிப்பதற்கு" என்றார்.

அப்புறம் மாமியைப் பார்த்து, "உன் அம்மா உனக்குச் சொல்லவில்லையா?"

இல்லை என்றார் மாமி. பன்னிரண்டு வயதில் சொல்ல வேண்டும். வயதுக்கு வரும் சமயம், வாயைக் கட்டத் தெரியும் வயது, அதுதான் கணக்கு. ஆனால் மாமி பதினோரு வயதில் லிஸ்பனுக்கு, ஒரு வீட்டில் வேலைக்குப் போய்விட்டார். அப்பா சாவுக்குத்தான் ஊர் வந்தார். பிறகு சொல்ல வாய்ப்பு வரவில்லை, அல்லது சொல்ல வேண்டாம் என்று அம்மா முடிவெடுத்திருக்கலாம். "அவள் பயந்தவள்" என்றார் சித்தி. "பட்டணத்தில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று அழுவாள்." வழக்கங்கள் மட்டும் கைமாறியிருக்கின்றன. காரணம் அம்மாவோடு நின்றுவிட்டது.

தம்பி போனை எடுத்து ஒலிப்பதிவை அழுத்தி, ஒரு ஜெபம் சொல்லுங்கள் என்று கெஞ்சினான். முடியாது என்றார். போனை உள்ளே வை. வைத்தான். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, பாட்டும் இல்லாமல் பேச்சும் இல்லாமல் ஒரு தாளத்தில், "கோயிலுக்குள் போகும்போது சொல்வது" என்று ஆரம்பித்தார். அதைப் பதிவில் போடலாமா என்று யோசித்தேன். ஷ்வார்ட்ஸ் அந்தக் காலத்திலேயே எழுதி வைத்துவிட்டுப் போன ஒன்றுதான் என்பதால் போடுகிறேன். இந்த வீட்டுக்குள் நுழைகிறேன், மரத்தையும் வணங்கவில்லை, கல்லையும் வணங்கவில்லை, எல்லாவற்றையும் ஆளும் கடவுளை மட்டுமே வணங்குகிறேன். அவ்வளவுதான்.

நான் கிழவியைப் பார்க்கவில்லை. மாமியின் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழவி சொல்லச் சொல்ல, சத்தமில்லாமல், அதே தாளத்தில் அசைந்தன. பாதி வார்த்தைகள் தேய்ந்து வெறும் ஓசையாகத்தான் அவரிடம் இருந்தனவாம். கோயில் வாசலில் சொல்கிற ஏதோ லத்தீன் என்று நினைத்து அறுபது வருடமாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிறு பூசையில், என் கணவரின் ஞானஸ்நானத்தில், பனிமய மாதா கோயில் படியில்.

எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது, மறைப்பானேன். பெந்தெகொஸ்தே சபைக்குப் போன என் சித்தி மாதா சுரூபத்தைக் காட்டிச் சொல்கிற அதே மரம், கல். என் கல்யாணத்தன்று என் மாதாவைப் பார்த்து இது சொல்லப்பட்டிருக்கிறது. காரில் திரும்பும்போது மாமியே பேச்செடுத்தார். "உன் அம்மாவிடம் சொல்லாதே." சொல்லமாட்டேன் என்றேன். ஆக, நானும் ஒரு அலமாரியைச் சாத்தியிருக்கிறேன்.

கிளம்பும்முன் பானை எங்கே என்று தம்பி கேட்டான். கேட்டிருக்கக் கூடாது. கிழவி அவனை அடுக்களைக்கு அழைத்துப்போய் ஒரு பானையைக் காட்டினார். உள்ளே வெங்காயம் இருந்தது. அவன் அதைப் பயபக்தியோடு படம் எடுத்துக்கொண்டான். அது அந்தப் பானை இல்லை என்று காரில் மாமி சொன்னார். அவனிடம் இல்லை, என்னிடம்.

நாள் 5: ஞாயிறு, திரும்பும் வழி

காலையில் ட்ரங்கோசு. நல்ல மழை. சிங்கம் செதுக்கிய ஒரு பழைய கல்வீடு, நிலைக்கல்லில் கொத்திய சிறு சிலுவைகள். நாங்கள் இப்போது கிறிஸ்தவர்கள்தான் என்று காட்ட, மதம் மாற்றப்பட்ட யூதர்களான புதுக் கிறிஸ்தவர்கள் கொத்தியவை என்கிறார்கள், எல்லாச் சிலுவையும் அப்படித்தானா என்பது வேறு விஷயம். குடை ஒன்றுதான் இருந்தது. அரை மணி நேரத்தில் காருக்கு ஓடிவிட்டோம்.

தம்பி அமைதியாக இருந்தான். ரெசிஃபெயில் டச்சுக்காரர் ஆட்சியில் எழும்பிய தொழுகைக்கூடம் ஒன்று இருக்கிறது, அமெரிக்கக் கண்டங்களிலேயே முதலாவது. 1654ல் போர்த்துகீசியர் ஊரைத் திரும்பப் பிடித்ததும் யூதர்கள் மறுபடி கப்பலேற வேண்டியதாயிற்று. ஊர் போனதும் அங்கே போய்ச் சேரப்போகிறானாம். எபிரேயம் படிக்கப்போகிறானாம். குடியுரிமையைப் பற்றி இரண்டு நாளாகப் பேச்சே எடுக்கவில்லை. கிண்டல் செய்ய வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மதியம் நெடுஞ்சாலை ஓரம் ஒரு உணவகம். லாரிக்காரர்கள் நிறைய நின்றால் சாப்பாடு நன்றாக இருக்கும், அது எல்லா நாட்டுக்கும் பொது. பரிமாற வந்த பையன் இன்றைய ஸ்பெஷல் ஆக்டோபஸ் சோறு என்றான். நான்கு பேருக்குமா என்று கேட்டான்.

மாமிக்கு வேண்டாம் என்று என் கணவர் வழக்கம்போல ஆரம்பித்தார், "அம்மாவுக்கு வயிற்றுக்கு..."

"வயிற்றுக்கு ஒன்றுமில்லை" என்றார் மாமி. "நோஷ் அதைச் சாப்பிடுவதில்லை."

போர்த்துகீஸில் நாமுக்கும் நாங்களுக்கும் சேர்த்து 'நோஷ்' என்று ஒரே சொல்தான். தமிழில் எழுத உட்கார்ந்தால்தான் இந்தச் சிக்கல். அவர் சொன்னது மேஜையிலிருந்த எங்கள் எல்லோரையும் சேர்த்தா, என்னை வெளியே நிறுத்தியா, அல்லது இன்னும் அந்தக் கிழவியையும் பானையையும் மட்டும் வைத்தா என்று தெரியவில்லை. கேட்கவும் முடியாது, கேள்வியே அவருக்குப் புரியாது. பையனுக்கு அதெல்லாம் எதற்கு. கோழி இருக்கிறது என்றான். என் கணவர் கோழி. தம்பி ஒரு நொடி தயங்கி, கோழி.

நான் உள்ளே வரும்போதே, பலகையில் எழுதியிருந்ததைப் பார்த்து எனக்கு ஒரு ஆக்டோபஸ் சோறு சொல்லியிருந்தேன். ஆவி பறக்க மண்சட்டியில் வந்தது, மேலே கொத்தமல்லி தூவி. மாமி சட்டியை என் பக்கம் தள்ளிவைத்து, ஆறிவிடும், சாப்பிடு என்றார்.